அட்டவணையின் வரிசை

பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழை யூனிகோடுக்கு மாற்றித் தரும் லைப்ரரி (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) ஒன்று எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தது. அது எழுதப்பட்டிருந்த நிரல்மொழிப் பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்ததால், அதைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது.

நிரலைத் தொடுமுன் அதன் பயன்பாட்டை விளக்கும் ஆவணத்தை எழுதிவிடலாம் என்று தொடங்கி, நீளத்தைக் கணக்கிடும் செயற்கூறிலேயே நின்றுவிட்டேன். அது எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும் என்றது பழைய ஆவணம். ‘தமிழ்’ என்று கொடுத்தால் 15 என்று வந்தது. அது எண்ணியது பைட்டுகளை; யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். பைத்தான் 3-இல் அதே வரி, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என எண்ணி 5 என்றது. பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்றே சொல்லும். அந்த மூன்று வரும்படி மாற்றினேன்.

பெரிய பிழையைச் செய்தது நான்தான். எந்தப் பழைய குறியை எந்த யூனிகோடு எழுத்தாக மாற்றுவது என்று வரிவரியாகச் சொல்லும் அட்டவணை தாறுமாறாகக் கிடப்பதாக எண்ணி அதை அகரவரிசையில் அடுக்கி, ‘வரிசையை மாற்றாதே’ என்று காரணம் சொல்லாமல் நிரலுக்குள் குறிப்பாக நின்ற கமெண்டையும் நீக்கினேன். பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும். மூன்றையும் சேர்த்து மாற்றும் வரி முதலில் வந்தால்தான் ஒகரக் குறி ஒரே குறியீடாகக் கிடைக்கும். என் அடுக்கில் ‘கெ’ முந்திக்கொள்ள, கால் தனித்து நின்றது. திரையில் சரியான ‘கொ’வும் இதுவும் ஒன்றுபோலவே தெரிந்தன, ஆனால் ‘கொடி’ என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. பழைய வரிசையை மீட்டு, காரணத்தையும் எழுதி, ‘கொடி’யையே எடுத்துக்காட்டாக வைத்து, ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை இயக்கிப் பார்க்கும் டாக்டெஸ்டில் சேர்த்தேன்.

ஔகாரம் மட்டும் தீரவில்லை. சில பழைய எழுத்துருக்களில் அதன் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே இடம்தான். ‘வெள்ளி’ போன்ற சொற்களில் அடுத்து வரும் புள்ளியை வைத்து ளகரம் என்று அறியலாம். ‘கௌதமன்’ என்ற பெயரையும் ‘கெளம்பு’ என்ற பேச்சுச் சொல்லையும் அப்படிப் பிரிக்க வழியில்லை. அத்தகைய இடங்களை லைப்ரரி தனிப்பட்டியலாகத் தரும், மெய்ப்பு பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும் என்று ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.