ஸ்பானிஷில் குடும்பத்தைப் பற்றிப் பேச: ‘எங்க அம்மா’வும் ‘மி மாத்ரே’யும்

ஸ்பானிஷில் குடும்ப அறிமுகத்தைத் தொடங்கும்போது தமிழர்கள் முதலில் தடுக்குவது ‘எங்க அம்மா’வில்தான். ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் நாம் ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்வோம். அதை அப்படியே ‘நுவெஸ்த்ரா மாத்ரே’ என்று போட்டால், கூடப் பிறந்தவர்களையும் சேர்த்துச் சொல்வதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அண்ணனோடு நின்று அவரிடமே பேசினால் அது சரி. உங்கள் சார்பில் மட்டும் பேசினால் ‘மி மாத்ரே’. ‘நம்ம’, ‘எங்க’ என்ற பிரிவு ஸ்பானிஷில் கிடையாது, இரண்டுக்கும் நுவெஸ்த்ரோ (பெண்ணுறவுக்கு நுவெஸ்த்ரா)தான்.

பழகும் வழி இது. உறவுகளை முதலில் எல், லா, லோஸ், லாஸ் (ஆங்கில ‘the’ போன்ற முன்சொற்கள்) சேர்த்து எழுதுங்கள்: எல் பாத்ரே (அப்பா), லா மாத்ரே (அம்மா), லோஸ் அபுவேலோஸ் (தாத்தா பாட்டி). பிறகு அந்த முன்சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் மி (ஒருவருக்கு) அல்லது மிஸ் (பலருக்கு) வையுங்கள். இரண்டும் சேர்ந்து வராது, ‘லா மி மாத்ரே’ பிழை. மிஸ் பாத்ரேஸ் என்றால் அப்பாக்கள் அல்ல, அப்பா அம்மா இருவரும். மிஸ் எர்மானோஸ் என்பதில் அக்கா தங்கைகளும் அடங்குவார்கள், எல்லோரும் பெண்களாக இருந்தால் மட்டும் மிஸ் எர்மானாஸ்.

இங்கே ஒரு விதியை மனதில் பதிய வையுங்கள்: ‘என்’, ‘எங்க’ போன்ற சொல்லின் வடிவத்தை முடிவு செய்வது உறவுக்காரர், சொல்பவர் அல்ல. அதனால் பெண்கள் பேசினாலும் ‘நுவெஸ்த்ரோ பாத்ரே’, ஆண்கள் பேசினாலும் ‘நுவெஸ்த்ரா மாத்ரே’. ‘அவங்க’ பலர் என்பதற்காக ‘சுஸ் அபுவேலா’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. பாட்டி ஒருவர்தானே, ‘சு அபுவேலா’ (அவங்க பாட்டி) போதும்.

உண்மையான சிக்கல் இந்த ‘சு’வில்தான் இருக்கிறது. அவன், அவள், அவர், அவர்கள், மரியாதையாக ‘உங்கள்’ என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். ‘ஹுவான் ஆப்லா கோன் மரியா இ சு மாத்ரே’ என்றால் ஹுவான் மரியாவோடும் ஓர் அம்மாவோடும் பேசுகிறான், ஆனால் யாருடைய அம்மா? இரண்டு பேர் வந்துவிட்ட வாக்கியத்தில் ‘சு’வை நம்பாதீர்கள். ‘லா மாத்ரே தே ஏல்’ (அவனுடைய), ‘லா மாத்ரே தே எய்யா’ (அவளுடைய) என்று பிரித்துச் சொல்லுங்கள். எழுதும்போது அந்த ‘தே ஏல்’ (de él) ஒட்டாது, ஏலின் மேல் சாய்கோட்டுக் குறி கட்டாயம். ‘தெல்’ (del) என்று ஒட்டுவது எல் என்ற முன்சொல்லோடு மட்டும். இதேபோல் குறி இல்லாத ‘து’ (tu) உன்னுடைய, குறி உள்ள ‘தூ’ (tú) நீ.

மரியாதையிலும் கவனம் வேண்டும். நண்பரின் அம்மாவிடம் ‘உஸ்தெத்’ (மரியாதையான ‘நீங்கள்’) என்று தொடங்கிவிட்டு, அடுத்த வரியில் ‘து இஹோ’ என்று அவர் மகனைக் கேட்டால் மரியாதை பாதியில் இறங்கிவிடும். கடைசி வரை ‘சு இஹோ’தான். பலரைப் பார்த்து ‘உங்கள்’ என்னும்போது, ஸ்பெயினில் நெருங்கியவர்களிடம் புவெஸ்த்ரோ, புவெஸ்த்ரா. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் சு, குழப்பம் வந்தால் ‘தே உஸ்தேதெஸ்’ என்று விளக்குவார்கள்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் ‘தியோ’தான். யாரெனச் சொல்ல ‘எல் எர்மானோ தே மி பாத்ரே’, அப்பாவின் சகோதரர் என்று விரித்தால் போதும். நிறைய மாமாக்களில் ஒருவரை முதன்முறை குறிப்பிடும்போது, மி தியோவைவிட ‘உன் தியோ மீயோ’ (un tío mío) இயல்பாக இருக்கும். நம் பேச்சில் ‘எங்க மாமா ஒருத்தர்’ என்போமே, அதே இடம்.