முடிவுரைனு ஹெட்டிங் போட்டா முடிஞ்சிடுமா?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடில ஏழெட்டு பசங்க எழுதிப் பழக வருவாங்க, ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும். போன மாசம் ஒருத்தன் ஊர்த் திருவிழாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தான். ராட்டினம், பஞ்சு மிட்டாய், தேர் வடம்னு அவ்ளோ நல்லா இருந்துச்சு, படிக்கும்போதே தூசி மூக்குல ஏறுது. கடைசில பாத்தா, "பிறகு வீட்டிற்கு வந்தோம். தூங்கினோம். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது." இந்த மூணு வரிய எத்தனை நோட்டுல பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல. இது இல்லன்னா "திடீரென விழித்தேன், எல்லாம் கனவு".

தப்புனு சொல்லல. "வீட்டுக்கு வந்தப்போ கைல என்னடா இருந்துச்சு"னு மட்டும் கேட்டேன். "கைல ஒண்ணும் இல்லக்கா, கால்லதான் ஒரே ஒரு செருப்பு, இன்னொண்ணு கூட்டத்துல போயிடுச்சு"ன்னான். அம்மா திட்டுவாங்கன்னு அந்த ஒண்ணையும் கதவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சானாம். ஏண்டா இத எழுதலன்னு கேட்டா "அது திருவிழா இல்லையேக்கா"ங்கறான்! அந்த மூணு வரியையும் அடிச்சிட்டு செருப்ப ஒளிச்சதோட நிறுத்தச் சொன்னேன். அவன் திரும்ப வாசிச்சு முடிச்சதும் மத்த பசங்க எல்லாம் "அம்மா கண்டுபிடிச்சாங்களா, கண்டுபிடிச்சாங்களா"ன்னு அவனையே சுத்திக்கிட்டாங்க, எனக்கு வேண்டியது அதுதான்.

பெரிய பசங்களுக்கு புறநானூறு 112ஆவது பாட்ட வாசிச்சுக் காட்டுவேன். பாரி மகளிர் பாடினது, அஞ்சே வரி. அந்த மாச நிலாவுல எங்க அப்பா இருந்தார், எங்க மலையும் எங்ககிட்ட இருந்துச்சு, இந்த மாச நிலாவுல வேந்தர்கள் மலைய எடுத்துக்கிட்டாங்க, "யாம் எந்தையும் இலமே", எங்களுக்கு அப்பாவும் இல்ல. அவ்ளோதான் பாட்டு. அழுதோம்னு ஒரு வார்த்தை கிடையாது. வரிசைய மட்டும் பாருங்கன்னு சொல்லுவேன். முன்னாடி சொல்லும்போது அப்பா முதல்ல, மலை அப்புறம். இழந்தத சொல்லும்போது மலை முதல்ல போகுது, அப்பா கடைசிக்கு வந்துட்டார். எது ரொம்ப வலிக்குதோ அத கடைசில வைக்கணும்ங்கறத இதவிட சுருக்கமா எனக்கு சொல்லித்தரத் தெரியல.

கட்டுரைதான் கஷ்டம். முன்னுரை, முடிவுரைனு உட்தலைப்பு போடலன்னா மார்க் போயிடும், அதனால ஹெட்டிங்ல நான் கை வைக்கறதில்ல. ஆனா ஒரு சோதனை வச்சிருக்கேன். உன் முடிவுரைய எடுத்து வேற கட்டுரைக்கு அடியில ஒட்டிப் பாரு, ஒட்டுதுன்னா அது உன்னோடது இல்ல. "எனவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு காப்போம், வளமான எதிர்காலம் படைப்போம்", இது மரத்துக்கும் ஒட்டும், தண்ணிக்கும் ஒட்டும், நூலகத்துக்கும் ஒட்டும்.

நேத்து ஏழாவது படிக்கற பொண்ணு ஒருத்தி தண்ணீர் சிக்கனம் கட்டுரைய மூணாவது தடவையா மாத்தி எழுதிட்டு வந்தா. முடிவுரைனு அடிக்கோடு போட்டு கீழ எழுதியிருந்தது இவ்ளோதான்: "எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளில் அம்மா என்னை எழுப்ப மாட்டார். குடங்களின் சத்தமே எழுப்பிவிடும்."