350 ரூபாய் டாக்கும் மூன்று நாள் ஊமைத்தனமும்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வழியாகச் சத்தம் வந்துவிட்டது. டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்குப் போகும் சத்தமாக மாற்றித் தருவதுதான் டாக். அந்த வகையில் 350 ரூபாய் பிசிஎம்5102ஏ போர்டை, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு மூன்று நாளாகப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாற்பதாயிரத்துக்குக் குறைந்து டாக் வாங்காதே என்ற நண்பருக்கு ஒரு வணக்கம்.

வயரிங்கில் குறையே இல்லை. பாட்டைக் கொண்டுபோகும் மூன்று வயரும், அதாவது பிட் க்ளாக் 12-ஆம் பின், எல்ஆர் க்ளாக் 35, டேட்டா 40, மல்டிமீட்டர் வைத்து நாலு தடவை பார்த்தாயிற்று. இப்படியொரு டாக் மாட்டியிருக்கிறது என்று பைக்குச் சொல்லும் ஹைஃபைபெர்ரி டாக் ஓவர்லே செட்டிங்கும் போட்டாயிற்று, பாட்டு ஓடுவதாகத்தான் திரை சொல்கிறது, ஸ்பீக்கரில் மூச்சில்லை. "ஏம்ப்பா, அந்த ஊமைப் பெட்டிக்கு இன்னும் வைத்தியம் முடியலையா?" என்று அப்பத்தா வேறு.

வினை போர்டின் முதுகில் இருந்தது. அங்கே நாலு இடத்தில் மும்மூன்று பொட்டுகள். நடுப்பொட்டை எச் (3.3 வோல்ட்) பக்கமோ எல் (கிரவுண்டு) பக்கமோ ஈயத்தால் சேர்க்க வேண்டும். 1, 2, 4 எல், 3 மட்டும் எச். அந்த மூன்றாவதுதான் மியூட். அது எச்-இல் இல்லாவிட்டால் சிப் வாயைத் திறக்காது. எனக்கு வந்ததில் நாலுமே வெறும் பொட்டு, விற்றவர் ஒரு துண்டுச்சீட்டுகூட வைக்கவில்லை.

கடுகில் பாதிகூட இல்லை அந்தப் பொட்டு. என் சால்டரிங் அயர்ன் முனையோ சுண்டுவிரல் மாதிரி. முதல் தடவை மூன்றும் சேர்ந்து ஒட்டி, 3.3 வோல்ட் நேராகக் கிரவுண்டுக்குப் போய், பை அப்படியே அணைந்துவிட்டது. நல்லவேளை பிழைத்தது. அப்புறம் விக் என்ற செம்புப் பின்னலை வைத்து ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஈயம் நன்றாகப் பிடிக்க ஃப்ளக்ஸ் தடவி, ஐயாவின் பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அரை மில்லிமீட்டர் ஈயக்கம்பியில் ஒரே தொடல். முன்பக்கம் எஸ்சிகே (சிஸ்டம் க்ளாக்) பொட்டையும் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள், சிப் தனக்கு வேண்டிய க்ளாக்கை பிட் க்ளாக்கிலிருந்தே செய்துகொள்ளும். விட்டால் கரகரப்புதான்.

சத்தம் எப்படி? இரைச்சலைவிடப் பாட்டு எவ்வளவு தூக்கலாக இருக்கும் என்பதற்கு டேட்டாஷீட்டில் 112 டெசிபல் போட்டிருக்கிறார்கள், 16 பிட் சிடிக்கே 96தான். எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில் அதெல்லாம் எடுபடாது. ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி சுண்ணாம்புச் சுவர், கைதட்டினால் முற்றம் வரை போய்த் திரும்பி வருகிறது. காலையில் ரெண்டு ஜமுக்காளம் விரித்தேன், அந்த மாற்றத்தை எந்த டாக்கும் தராது.

இதற்கு நடுவே போர்டை உள்ளே வைக்க, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு வால்வு ரேடியோக் கூடு, உள்ளே ஒன்றுமில்லாதது, போர்டைப் போல மூன்று மடங்கு விலைக்கு வாங்கிவிட்டேன். வீட்டில் விலையைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்து சென்னை போனால் ரிச்சி தெருவில் அயர்னுக்கு ஊசிமுனை பிட்டும், ராஸ்பெர்ரி பைக்குத் தனியாக ஒரு நல்ல பவர் சப்ளையும். அதற்கு முன் கூட்டின் முதுகில் ஆடியோ வயர் செருகும் ஆர்சிஏ ஜாக்குக்கு ரெண்டு ஓட்டை போட வேண்டும். பழைய தேக்கு, காலையிலிருந்து ரெண்டு ட்ரில் பிட் உடைந்தாயிற்று.