இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பக்கம்

பிப்ரவரி 3
ஐ.சி.யூ.வில் அம்மாவைப் படுக்கைப்புண் வராமல் இருக்கத் திருப்பும்போது இன்று உள்ளே நிற்க விட்டார்கள். நாலு பேர். தலைமாட்டு சிஸ்டர் அம்மா வாயில் இருந்த மூச்சு டியூபைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னப்புறம் தூக்குங்க" என்றார். இழுக்கவே இல்லை. அடியில் விரித்த துணியோடு தூக்கி, இடப்பக்கம் 30 டிகிரி சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். முழுசாக ஒருக்களித்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்குமாம். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று.

பிப்ரவரி 4
வால் எலும்பின் மேல் சிவப்பு. "அழுத்திப் பாருங்கக்கா" என்றார் சிஸ்டர். அழுத்தினேன். வெளுக்கவில்லை. தோல் கிழியாவிட்டாலும் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பிப்ரவரி 5
அப்படியேதான் இருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு அளவு.

பிப்ரவரி 6
சித்தி தேங்காய் எண்ணெயோடு வந்துவிட்டார். தேய்க்கக் கூடாது சித்தி, உள்ளே சதை இன்னும் நைந்துபோகும். அண்ணனுக்கு வேறு கேள்வி: ஏர் பெட் போட்டாச்சே, எதுக்குத் திருப்பணும்? எந்த மெத்தை போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். எத்தனை தடவை சொல்வது.

பிப்ரவரி 7
தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தியே வைத்திருக்கிறார்கள். இறக்கினால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். உயர்த்தினால் உடம்பு சறுக்குகிறது. தோல் துணியோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் கீழே போகிறது. அடி வாங்குவது அதே வால் எலும்பு. முழங்கால் பக்கத்தை முதலில் உயர்த்திவிட்டு அப்புறம் தலையை ஏற்றினால் சறுக்கல் குறையும். காலை சிஸ்டர் மறப்பதில்லை. மற்றவர்கள்?

பிப்ரவரி 8, இரவு
பத்து மணிக்கு வலப்பக்கம். இரண்டு மணிக்குக் கண்ணாடி வழியே பார்த்தேன், அப்போதும் வலப்பக்கம். பக்கத்துப் படுக்கையில் அவசரம், எல்லோரும் அங்கே. அந்தப் பிள்ளைகளை என்ன சொல்ல? ராத்திரிக்கு ஆளைக் குறைத்துப் போட்டவர்கள் மேல்தான் கோபம். இந்த வேலை மருந்து மாதிரி, நேரம் தவறக் கூடாது.

பிப்ரவரி 9
ஆக்சிஜன் ஏறவில்லை. குப்புறப் படுக்கவைக்கலாம் என்கிறார் டாக்டர். ஒரே மூச்சாக 16 மணி நேரம். முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியுமாம். 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், இப்படிக் கடுமையாக நுரையீரல் பாதித்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 33 பேரிலிருந்து 16 ஆகக் குறைந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார்கள். இனி நெற்றி, கன்னம், தாடை, முழங்கால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 10
திருப்பியாச்சு. 84-இல் இருந்த ஆக்சிஜன் அளவு இப்போது 91. சிவப்பு பெரிதாகவில்லை. முகத்தை எத்தனை மணிக்கு மறுபக்கம் மாற்றி வைத்தார்கள் என்று மதியம் கேட்க வேண்டும்.