‘கூடா நட்பு’ என்று எழுதிவிட்டால் அறிக்கை முடிந்துவிடாது

சிறார் வழக்கில், அதை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் சிறுவனின் வீடு, படிப்பு, சூழல் பற்றிக் கேட்கும் சமூக விசாரணை அறிக்கையை, கோப்பில் சேர வேண்டிய இன்னொரு தாள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா, சமூக சேவையா, நன்னடத்தைக் கண்காணிப்பா, 3 ஆண்டு வரை சிறப்பு இல்லமா என்று குழுமம் முடிவெடுக்கும்போது இந்த அறிக்கையையும் பார்த்தாக வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு.

சிறுவனைக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதற்குள், அறிக்கையை எழுதும் நன்னடத்தை அலுவலர் சிறுவனோடு பேச வேண்டும். வீடு, பள்ளி, வேலை பார்த்த பட்டறை எல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். வாய்தாவுக்கு வந்த தாயை வராந்தாவில் நிறுத்தி, பத்து நிமிடத்தில் இந்த அறிக்கைக்கான 6-ஆம் படிவத்தை நிரப்பினால் அது விசாரணையே அல்ல. ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று வீட்டில் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், அப்பா இறந்த மாதத்திலிருந்து பையன் வரவில்லை என்பது தெரியலாம்.

முதல் தகவல் அறிக்கையைப் பார்த்து எழுதுவது இன்னும் ஆபத்து. சமூக விசாரணை அறிக்கை குழுமத்துக்குப் போகும் நேரத்தில் சாட்சிகளை விசாரித்தே இருக்க மாட்டார்கள். குற்றம் செய்தானா என்பது இதில் எழுத வேண்டிய விஷயமே இல்லை. ‘ஒப்புக்கொண்டான்’ என்ற ஒரு சொல் போதும், படிப்பவர் மனதில் வழக்கு முடிந்துவிடும்.

‘கூடா நட்பு’, ‘பெற்றோர் கட்டுப்பாடு இல்லை’ இரண்டும் யாருக்கும் பொருந்தும் வாசகங்கள். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், ஆபத்தில் சிக்குவான் என்று கருத இடமிருந்தால் 12-ஆவது பிரிவின்படி ஜாமீனை மறுக்கலாம். அந்த மறுப்புக்கு இந்த வாசகங்களே கைகொடுத்துவிடும். அம்மா வீட்டு வேலைக்குப் போவதால் மாலை 4 முதல் 8 வரை வீட்டில் ஆளில்லை, அடுத்த தெருவில் சித்தி இருக்கிறார் என்று எழுதிப் பாருங்கள். அதை வைத்துக் குழுமம் ஒரு நிபந்தனை போட முடியும்.

பரிந்துரையும் அப்படித்தான். ‘தொழிற்பயிற்சி தரலாம்’ என்பது எதையும் சொல்லவில்லை. எந்த ஐடிஐ, எந்தப் பிரிவு, அதற்கு எட்டாவது போதுமா பத்தாவது வேண்டுமா, சேர்க்கை எந்த மாதம் என்பதையெல்லாம் விசாரித்து எழுத வேண்டும்.

அறிக்கை ரகசியமானது. ஆனாலும் 99-ஆவது பிரிவின்படி அதன் சாரத்தைச் சிறுவனுக்கோ பெற்றோருக்கோ குழுமம் தெரிவிக்கலாம். பெற்றோராக இருந்தால் வழக்கறிஞர் வழியாக மனு போட்டுக் கேளுங்கள். தவறான தகவல் இருந்தால் பள்ளிச் சான்றிதழ் போன்ற ஆதாரத்தோடு, உத்தரவு வருவதற்கு முன்பே மறுக்கலாம்.