மூன்றடிக்குள் ஒரு கிளாம்ப்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் 11 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். கேரள லைசென்சிங் போர்டின் வயர்மேன் பெர்மிட் கையில் இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் இரண்டு ஃபேக்டரி ஷெட்டுக்கு முழுசாக, வயர் போகிற ஜி.ஐ. இரும்பு பைப் ஓட்டியிருக்கிறேன். அதனால் சவுதி வேலைக்குக் கொச்சியில் டிரேடு டெஸ்ட் என்று ஏஜெண்ட் சொன்னபோது ஒரு காகிதத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனேன். மத்தியானச் சோற்றுக்கு முன்பே ஃபெயில் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பைப்பை வளைத்தது சரி. வெட்டின முனையை உள்ளே சுரண்டிப் பிசிறு எடுத்ததையும் ‘கொள்ளாம்’, அதாவது நன்றாயிருக்கிறது என்றார் டெஸ்ட் எடுத்தவர். கவிழ்ந்தது கிளாம்பில், பைப்பைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கிற சின்னப் பட்டையில். யாராவது கிளாம்பில் ஃபெயில் ஆவார்களா? நான் ஆனேன்.

நடந்தது இதுதான். மரச்சட்டங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு சுவர் மாதிரி கட்டியிருந்தார்கள். சட்டங்களில் ஏற்கெனவே துளை போட்டிருந்தது. இந்த முனையில் வயரை இணைக்கிற ஒரு பாக்ஸ், அந்த முனையில் ஒரு பாக்ஸ். நடுவில் இ.எம்.டி. பைப்பைத் துளை வழியாகவே கோத்து இரண்டு பாக்ஸிலும் சேர்க்க வேண்டும். இ.எம்.டி. என்பது மெல்லிய இரும்பு பைப். நம்முடைய கண்ட்யூட், அதாவது வயர் பைப் மாதிரி மரை போட்டுத் திருகுவதில்லை. பாக்ஸோடு சேர்க்கிற கனெக்டருக்குள் சொருகி ஸ்க்ரூவை முறுக்குவதோடு சரி. பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டு ஓரமாக நின்றேன்.

அவர் வந்து பார்த்தார். “இந்தப் பைப்பை எது பிடிச்சிருக்கு?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“துளைதான் சார். அஞ்சாறு சட்டம் தாங்குது.”

ஒன்றும் பேசாமல் பைப்பைப் பிடித்து நீளவாக்கில் ஒரு இழு இழுத்தார். ஒரு பக்கம் கனெக்டரிலிருந்து விரல் அகலத்துக்கு வெளியே வந்துவிட்டது. அந்த ஸ்க்ரூவை நான் சரியாக முறுக்கவில்லை, அது என் தப்புதான். ஆனால் அவர் குறித்துக்கொண்டது ஸ்க்ரூவை இல்லை. “தாங்குறது வேற, பிடிக்கிறது வேற” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எழுத்துப் பரீட்சையிலும் அதே கதை. இரண்டு பாக்ஸுக்கு நடுவே 16 அடி, நேர் ஓட்டம், இ.எம்.டி. பைப், குறைந்தபட்சம் எத்தனை கிளாம்ப் வேண்டும் என்று ஒரு கேள்வி. நான் 7 என்று எழுதினேன்.

ஏழு எங்கிருந்து வந்தது என்றால், நம் ஊர்க் கணக்கு. நமக்கு ஐ.எஸ். 732, இந்திய வயரிங் விதி. கிளாம்பை நாம் சாடில் என்போம். சாடிலுக்கும் சாடிலுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பைப்பைச் சேர்க்கிற கப்ளர், வளைவுக்குப் போடுகிற பெண்டு மாதிரி ஒரு ஃபிட்டிங் வந்தால் அதன் இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டரில் சாடில் அடிக்க வேண்டும். இதை யாரும் டேப் வைத்து அளப்பதில்லை என்பது வேறு விஷயம். கையை நீட்டி இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று அடித்துக்கொண்டே போவோம். பைப் தொங்காமல் இருந்தால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை.

திரும்பி வந்ததும் நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவர் தம்மாமில் 14 வருஷம் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்துவிட்டு இப்போது தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அங்கத்த எண்ணெய்க் கம்பெனி வேலையெல்லாம் அமெரிக்கா ரூல் மாப்ளே. என்.இ.சி. மூணு வருஷத்துக்கு ஒருக்கா திருத்துவாங்க. நீ இங்கத்த கணக்கக் கொண்டுபோயி அங்க போட்டிருக்கற” என்றார். கொப்பரை ஷெட்டின் செங்கல் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

என்.இ.சி. என்பது அமெரிக்க எலக்ட்ரிகல் விதிப் புத்தகம். அதில் இ.எம்.டி. பைப்புக்கு 358ஆவது பிரிவு. பாக்ஸ், பேனல் என்று பைப் எங்கே போய் முடிகிறதோ, அந்த இடத்திலிருந்து 3 அடிக்குள் ஒரு கிளாம்ப். அப்புறம் 10 அடிக்கு ஒன்று. அவ்வளவுதான். 16 அடியை மாமா சுவரிலேயே பிரித்துக் காட்டினார்: இந்தப் பாக்ஸிலிருந்து 3 அடி, அந்தப் பாக்ஸிலிருந்து 3 அடி, நடுவில் மிச்சம் சரியாக 10 அடி. ஆக 2 கிளாம்ப் போதும். 17 அடி என்றால் 3. நான் ஏழு எழுதின இடத்தில் ரெண்டு! கப்ளருக்கு இரண்டு பக்கமும் அடிப்பது அங்கே தப்பில்லை, ஆனால் யாரும் கேட்பதும் இல்லை. பைப் அங்கே முடிவதில்லையே.

3 அடிக்குள் கிளாம்ப் அடிக்கச் சட்டமோ பீமோ வாகாக இல்லாவிட்டால் 5 அடி வரை போகலாம். ஆனால் அந்தத் துண்டில் இணைப்பு இருக்கக் கூடாது, பைப் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று மாமா இரண்டு தடவை சொன்னார்.

துளை விஷயத்துக்கு வந்தோம். சட்டத்தின் துளை பைப்பைத் தாங்குகிறது. அதை விதியும் ஒத்துக்கொள்கிறது, துளைக்கும் துளைக்கும் 10 அடிக்கு மேல் போகாத வரை. ஆனால் தாங்கினால் மட்டும் போதாது. பாக்ஸிலிருந்து 3 அடிக்குள் பைப் நகராதபடி இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் வேண்டும். கொச்சியில் அந்தப் பெரியவர் கீழ்ப்பக்கமாக அழுத்திப் பார்க்காமல் நீளவாக்கில் இழுத்தது இதற்குத்தான்.

“அதென்னங்க மாமா அப்படியொரு பிடிவாதம், பைப்பு எங்க போயிரப் போகுது?” என்றேன்.

“எர்த்து போயிரும்” என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாம் கண்ட்யூட்டுக்குள் பச்சை எர்த் கம்பியைத் தனியாக இழுத்துப் பழகியவர்கள். அமெரிக்க விதியில் இரும்பு பைப்பையே எர்த் வழியாக எடுத்துக்கொள்ளலாம். தனிக் கம்பி இல்லாத லைனில் பைப் கனெக்டரை விட்டு விரல் அகலம் நழுவினால், அந்தப் பக்கத்து பாக்ஸ் முழுக்க எர்த் இல்லாமல் நிற்கும். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், எதுவும் தெரியாது. லீக்கேஜ் ஆகிற அன்றைக்கு பாக்ஸைத் தொட்டவனுக்குத்தான் தெரியும். வயர் இழுக்கும்போது பைப் வாங்குகிற இழுப்பை நினைத்துப் பாருங்கள். அதை அந்த 3 அடிக் கிளாம்ப் வாங்கிக்கொள்ளாவிட்டால் கனெக்டரின் ஒற்றை ஸ்க்ரூதான் வாங்க வேண்டும்.

மற்றதெல்லாம் மனப்பாடம். மரை போட்ட கப்ளரோடு நேராக ஓடுகிற கனமான ரிஜிட் பைப்புக்கு, சைஸ் ஏற ஏற இடைவெளியும் ஏறும்: அரை, முக்கால் இஞ்சுக்கு 10 அடி, 1 இஞ்சுக்கு 12, ஒன்றேகால், ஒன்றரைக்கு 14, இரண்டு, இரண்டரைக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 20. ஃப்ளெக்ஸிபிள் பைப் நேர் எதிர். அது தானாகவே தொய்கிற சாதி. நாலரை அடிக்கு ஒன்று, பாக்ஸிலிருந்து 12 இஞ்சுக்குள் ஒன்று. மோட்டாரிடம் அசைய வேண்டிய கடைசித் துண்டுக்கு மட்டும், ஒன்றேகால் இஞ்சு சைஸ் வரை, 3 அடி கிளாம்ப் இல்லாமல் விடலாம். இந்த எண்களை எல்லாம் பொள்ளாச்சி பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி நான் மந்திரம் சொல்வதாக நினைத்திருக்கலாம்.

மாமா விடவில்லை. பழைய இரும்புக் கடையில் மெல்லிசு பைப் துண்டுகள் வாங்கிவந்து, ஷெட் சுவரில் பாக்ஸ் முதல் பாக்ஸ் வரை 16 அடி ஓட்டச் சொன்னார். இரண்டே கிளாம்ப். அடித்து முடித்ததும் எனக்கே நம்பிக்கை இல்லை, ஏதோ அரைகுறை வேலை மாதிரி தெரிந்தது. அவர் பாக்ஸ் பக்கத்தில் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே ஹாலில் இரண்டாவது டெஸ்ட். ஆள் வேறு, சுவர் அதே. துளை வழியாகப் பைப்பைக் கோத்தேன். ஸ்க்ரூவை முறுக்கினேன். டேப்பை எடுத்து பாக்ஸிலிருந்து இரண்டரை அடியில் குறி போட்டு, அங்கே நின்ற சட்டத்தோடு சேர்த்துக் கிளாம்ப் அடித்தேன். மறுமுனையிலும் அதே. அவர் இழுத்துப் பார்க்கக்கூட இல்லை. கிளாம்பைப் பார்த்தார், டிக் போட்டார், போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

விசா வந்துவிட்டது. போன வாரம் மாமாவிடம் சொல்லிவிட்டு வரப் போனேன். ஷெட் சுவரில் என் 16 அடி பைப் அப்படியே இருக்கிறது. அத்தை அதன் மேல் நாலு ஈரத் துண்டும் ஒரு சாக்கும் காயப் போட்டிருந்தார்கள்.

“கண்ட்யூட்டு மேல வேற எதையும் தொங்கவுடக் கூடாதுன்னு ரூல் இருக்குன்னு எத்தன தடவ சொல்றது” என்று மாமா கத்திக்கொண்டிருந்தார்.

“அதுல கரண்டா போகுது?” என்றார்கள் அத்தை, மடித்த வேட்டியை உதறிக்கொண்டே.