பழனி நடைக்கு ஒரு பிவி பை

தைப்பூசத்துக்கு நம் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று போகிற வழியில் சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்கள் வெட்டவெளியில்தான் படுக்கிறோம். தை மாதப் பனியில் விடிவதற்குள் போர்வை நனைந்துவிடும். அதற்காகக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது.

பிவி பை எடுத்துப் போங்கள். ஓர் ஆள் நுழைந்து படுக்கும் நீளத்துக்குத் தண்ணீர் புகாத துணி உறை, அவ்வளவுதான். லேசான வகை அரைக் கிலோவுக்கும் குறைவு. உள்ளே ஒரு போர்வை போதும். நம் ஊர்க் குளிருக்குத் தடித்த ஸ்லீப்பிங் பேக் வேண்டியதில்லை.

ஆனால் முகத்தையும் மூடிக்கொண்டு தூங்காதீர்கள், தயவுசெய்து. மூச்சின் ஈரம் உள்ளேயே படிந்து போர்வையை நனைத்துவிடும். மூச்சுத் திணறும் ஆபத்தும் உண்டு. மூக்கும் வாயும் எப்போதும் வெளியே இருக்கட்டும். கொசுவுக்கு, முகப்பகுதியில் வலை வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். எப்படியும் உள்ளே கொஞ்சம் ஈரம் கோக்கும். விடியுமுன்னே கிளம்பிவிடுவோம் என்பதால், மதியம் தங்குகிற இடத்தில் உட்புறத்தைத் திருப்பிக் காயப்போடுங்கள். அப்புறம், கருவேல முள் குத்தினால் துணி போச்சு. அடியில் ஒரு சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.